பெரிய எண் ஒன்று பகா எண்ணா: எந்தச் சோதனையை நம்புவது?

சுமார் 309 இலக்கங்கள் கொண்ட ஒற்றைப்படை எண் ஒன்று நம் முன் இருக்கிறது. அது பகா எண்தானா என்று தெரிய வேண்டும். இதே கேள்வியை வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு தேவைக்காகக் கேட்கிறார்கள். ஆர்.எஸ்.ஏ. என்ற மறையாக்க முறைக்கு 2,048 பிட் நீளமுள்ள திறவுகோல் ஒன்றை உருவாக்கும் மென்பொருளுக்கு இந்த அளவிலான இரண்டு பகா எண்கள் சில நொடிகளுக்குள் கிடைத்தாக வேண்டும். இன்னொருவர் அனுப்பிய எண்ணைத் தன் கணினியில் ஏற்றுக்கொள்ளலாமா என்று பார்ப்பவருக்கு, அனுப்பியவர் ஏமாற்றுகிறாரா என்ற ஐயமும் கூடவே இருக்கிறது. பல்லாண்டுகள் பலர் பயன்படுத்தப்போகும் ஒரு தரநிலையில் ஓர் எண்ணை எழுதிவைப்பவருக்கு, யார் வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய நிறுவல் தேவை. கணிதத்திற்காகவே எண்களைத் தேடுபவருக்கோ நிறுவல் இல்லாத விடை விடையே இல்லை.

இவர்கள் எல்லோருக்கும் ஒரே சோதனையைப் பரிந்துரைக்க முடியாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. சோதனைகளை ஒப்பிடும்போது வேகத்தையும் எண்ணின் அளவையும் மட்டுமே பார்ப்பது வழக்கமாகிவிட்டது. என் பார்வையில் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியது, அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதுதான். நாமே குலுக்கிப்போட்டு எடுத்த எண்ணுக்கும், பிறர் கொடுத்த எண்ணுக்கும், ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் பிறந்த எண்ணுக்கும் பொருத்தமான சோதனைகள் வேறு வேறு. அவை எப்படி வேறுபடுகின்றன என்பதை ஒவ்வொரு வழியையும் சற்று அருகில் சென்று பார்த்தால்தான் புரியும்.

பள்ளியில் கற்ற வழியை முதலில் முடித்துவிடுவோம். எண்ணின் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது எந்த ஐயத்துக்கும் இடம் தராத முறை. 20 இலக்க எண்ணுக்கு 10¹⁰ வரையுள்ள பகா எண்களால் வகுக்க வேண்டியிருக்கும்; அவை 45,50,52,511 இருக்கின்றன, ஒரு கணினி இதைச் சலிக்காமல் செய்துவிடும். 309 இலக்க எண்ணுக்கோ வர்க்கமூலமே 155 இலக்கங்கள் நீளும் என்பதால் இந்த வழி அங்கேயே நின்றுவிடுகிறது. ஆயினும் சல்லடையாக இதற்கு ஈடு இல்லை. 1,000-க்குக் கீழுள்ள 168 பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தாலே நூறு எண்களில் சுமார் 92 விழுந்துவிடும். நம் 309 இலக்கங்களுக்கு நிகரான 1,024 பிட் அளவில் சராசரியாக 710 எண்களுக்கு ஒன்றுதான் பகா எண். சல்லடையில் தப்பியவற்றுள் சுமார் 58-க்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும். அதிக உழைப்பு கோரும் சோதனைகளை 710 முறைக்குப் பதிலாக ஏறத்தாழ 58 முறை நடத்தினால் போதும் என்பது சிறிய ஆதாயம் இல்லை.

இனி, வகுக்காமலேயே அறியும் வழிகள். 1640-இல் பியர் டி ஃபெர்மா ஒரு கடிதத்தில் குறிப்பிட்ட தேற்றம் இவற்றுக்கெல்லாம் தாய்வீடு. ஓர் எண் பகா எண்ணாக இருந்தால், அதனால் வகுபடாத எந்த அடிமானத்தை எடுத்து, அந்த எண்ணில் ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தாலும் மீதி 1 வரும். மீதி வேறாக வந்தால் அது பகு எண் என்பது உறுதி, அதன் காரணி எது என்று நமக்குத் தெரியாவிட்டாலும் கூட. பெரிய எண்களின் உலகத்தில் முதலில் பழகிக்கொள்ள வேண்டிய உண்மை இது: பகு எண் என்று அறிவதும் அதைப் பகுத்துக் காட்டுவதும் இருவேறு வேலைகள். 2⁶⁷ − 1 பகா எண் இல்லை என்று எட்வார்ட் லூக்கா 1876-இலேயே காட்டிவிட்டார்; ஃபிராங்க் நெல்சன் கோல் 1903-இல் 19,37,07,721 என்ற காரணியையும் அதன் இணையையும் கண்டு சொல்லும் வரை, அதை எதனால் வகுக்கலாம் என்று எவருக்கும் தெரியாது.

அடுக்கு எவ்வளவு பெரிதானாலும் கணக்கு கடினமாவதில்லை. திரும்பத் திரும்ப வர்க்கப்படுத்தி, ஒவ்வொரு முறையும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டால், 1,024 பிட் எண்ணுக்கு ஆயிரத்துச் சொச்சம் வர்க்கங்களும் சில பெருக்கல்களும் போதும். சிக்கல் எதிர்த்திசையில் இருக்கிறது. மீதி 1 வந்தால் எண் பகா எண்தான் என்று சொல்லிவிட முடியாது. 341-ஐ எடுத்துக்கொள்வோம். 2¹⁰ = 1,024; அதை 341-ஆல் வகுத்தால் மும்முறை போய் மீதி 1. ஆகவே 2³⁴⁰-க்கும் மீதி 1-தான். ஆனால் 341 = 11 × 31. அடிமானத்தை 3 என்று மாற்றினால் மீதி 56 வந்து குட்டு வெளிப்படுகிறது. அடிமானத்தை மாற்றினால் எல்லாப் போலிகளும் மாட்டிக்கொள்ளும் என்றால் ஃபெர்மா சோதனையோடு நிறுத்திக்கொள்ளலாம், அப்படி நடப்பதில்லை. 561 = 3 × 11 × 17 என்ற எண், தன்னோடு பொதுக்காரணி இல்லாத எந்த அடிமானத்துக்கும் மீதி 1 தந்து பகா எண்ணைப் போலவே நடிக்கிறது. கார்மைக்கேல் எண்கள் எனப்படும் இத்தகையவை முடிவின்றி இருக்கின்றன என்று ஆல்ஃபோர்டு, கிரான்வில், பொமரன்ஸ் ஆகிய மூவரும் 1994-இல் நிறுவினார்கள். ஆகவே வடிவம் தெரியாத எண்ணுக்கு ஃபெர்மா சோதனையை மட்டும் நம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வடிவம் தெரிந்த எண்ணில் இதே சோதனை எதிர்பாராத வகையில் முன்னுக்கு வருகிறது. அதைப் பின்னால் காண்போம்.

கேரி மில்லர் 1976-இலும் மைக்கேல் ராபின் 1980-இலும் வடிவமைத்த சோதனை, ஃபெர்மா சோதனை செய்யும் அதே கணக்கையே செய்கிறது. ஆனால் இறுதி விடையோடு நிற்காமல் வழியில் வந்த எண்களையும் பார்க்கிறது. பகா எண்ணால் வகுத்து மீதி காணும் கணக்கில் 1-க்கு வர்க்கமூலங்கள் இரண்டுதான்: 1, −1 (அதாவது வகுக்கும் எண்ணில் ஒன்று குறைவான மீதி). மூன்றாவதாக ஒன்று தென்பட்டால் எண் பகு எண். 561-ஐ மீண்டும் அழைப்போம். 560 = 16 × 35. முதலில் 2³⁵-ஐ 561-ஆல் வகுத்தால் மீதி 263. அதை வர்க்கப்படுத்தினால் 166, மறுபடி வர்க்கப்படுத்தினால் 67, மறுபடி வர்க்கப்படுத்தினால் 1. கடைசிப் படியில் நடந்ததைக் கவனியுங்கள்: 67-இன் வர்க்கம் 1 ஆகிவிட்டது, ஆனால் 67 என்பது 1-உம் இல்லை, −1-உம் இல்லை. நடிப்பு அம்பலமாகிவிட்டது. அது மட்டுமா, 66-க்கும் 561-க்கும் மீப்பெரு பொது வகுத்தி 33, 68-க்கும் 561-க்கும் 17. காரணிகளே கையில் வந்து விழுகின்றன. ஃபெர்மா சோதனைக்குச் செலவிட்ட அதே உழைப்பில் இவ்வளவும் கிடைக்கும்போது, பொதுப் பயன்பாட்டில் பழையதைத் தொடரக் காரணம் எதுவும் இல்லை.

ஓர் ஒற்றைப்படைப் பகு எண் எதுவானாலும், அதனிடம் ஏமாறும் அடிமானங்கள் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இருக்க முடியாது என்பது ராபின் நிறுவியது. அடிமானங்களைக் குலுக்கிப்போட்டு 40 முறை சோதித்தால், பகு எண் ஒன்று தப்பும் வாய்ப்பு 10²⁴-இல் ஒன்றுக்கும் குறைவு. இங்கே சொற்களில் கவனம் வேண்டும். "இந்த எண் பெரும்பாலும் பகா எண்" என்று பேச்சுவழக்கில் சொல்லிவிடுகிறோம். எண் ஒன்று பகா எண்ணாக இருக்கும், அல்லது இருக்காது, அதில் பெரும்பாலும் என்பதற்கு இடமே இல்லை. நிகழ்தகவு இருப்பது நாம் அடிமானத்தைத் தேர்ந்த விதத்தில். அந்தத் தேர்வு உண்மையிலேயே தற்செயலாக இல்லாவிட்டால், நான்கில் ஒன்று என்ற உறுதியே கைவிட்டுப் போகிறது.

இது வெறும் எச்சரிக்கை இல்லை. 307-க்குக் குறைவான பகா எண்கள் அனைத்தையும் அடிமானமாக வைத்து மில்லர்–ராபின் சோதனை நடத்தினாலும் தப்பிவிடும் 397 இலக்கப் பகு எண் ஒன்றை ஃபிரான்சுவா அர்னோ 1995-இல் திட்டமிட்டே கட்டிக்காட்டினார். 2, 3, 5 என்று நிலையான பட்டியலை வைத்துக்கொண்டு பெரிய எண்களைச் சோதிக்கும் எந்த மென்பொருளும், எண்ணை அனுப்புபவர் கெட்டிக்காரராக இருந்தால் தோற்கும். சிறிய எண்களில் நிலைமை நேர்மாறானது: முதல் 13 பகா எண்களை, அதாவது 2 முதல் 41 வரையுள்ளவற்றை, அடிமானங்களாக வைத்தால் சுமார் 3.3 × 10²⁴ வரை ஒரு பகு எண்கூடத் தப்புவதில்லை என்று சரிபார்க்கப்பட்டிருக்கிறது. 64 பிட்டுக்குள் அடங்கும் எண்ணுக்கு நிலையான பட்டியலே முழு நிறுவலாகிவிடுகிறது. அங்கே தற்செயலை நாட வேண்டிய அவசியமே இல்லை.

எண்ணின் பிறப்பு எவ்வளவு முக்கியம் என்பதை டாம்கார்டு, லாண்ட்ராக், பொமரன்ஸ் ஆகியோர் 1993-இல் வெளியிட்ட முடிவு மிகத் தெளிவாகக் காட்டுகிறது. நான்கில் ஒன்று என்பது மிக மோசமான பகு எண்ணுக்கான வரம்பு. எண்ணையே நாம் தற்செயலாகத் தேர்ந்திருந்தால், அப்படிப்பட்ட மோசமான எண் நம் கையில் வந்து அமர்வதே அரிது. அவர்கள் தந்த வரம்பில் 1,024 பிட்டை இட்டுப் பார்த்தால், ஒரே ஒரு சுற்றுச் சோதனைக்குப் பிறகும் தவறு நேரும் வாய்ப்பு 2⁴⁰-இல் ஒன்றுக்கும் குறைவு. அதாவது லட்சம் கோடியில் ஒன்றுக்கும் கீழே. அதே எண்ணை முன்பின் தெரியாதவர் அனுப்பியிருந்தால் இந்த வரம்பைப் பயன்படுத்தவே கூடாது, நான்கில் ஒன்றுக்குத் திரும்பிவிட வேண்டும். இலக்கம் இலக்கமாக ஒரே எண். ஆனால் ஒருவருக்கு ஒரு சில சுற்றுகள் போதும், இன்னொருவருக்கு 40 சுற்றுகள் வேண்டும். திறவுகோல் உருவாக்கும் நூலகத்தை எழுதுபவர்கள் தமக்காகச் செய்த சிக்கனத்தை, அதே செயற்கூற்றைப் பிறர் எண்களைச் சோதிக்க அழைப்பவர்கள் மீதும் சுமத்திவிடுவது நான் மிகவும் அஞ்சும் பிழை.

இதற்கு நடுவழியாகப் பலர் நாடுவது பெய்லி–பி.எஸ்.டபிள்யூ. எனப்படும் கூட்டுச் சோதனை. 1980-இல் உருவான இது, அடிமானம் 2 கொண்ட மில்லர்–ராபின் சுற்று ஒன்றையும் லூக்கா தொடர்வரிசையைச் சார்ந்த சோதனை ஒன்றையும் சேர்த்து நடத்துகிறது. ஒன்றில் ஏமாற்றும் எண்கள் மற்றதில் ஏமாற்றுவதில்லை என்பது அனுபவத்தில் கண்டது. 2⁶⁴ வரை ஒரு விதிவிலக்குகூட இல்லை என்று சரிபார்த்துவிட்டார்கள். அதற்கு மேலும் இதுவரை எவரும் ஒன்றைக் கண்டதில்லை. ஆனால் அப்படி முடிவின்றிப் பல எண்கள் இருக்கக்கூடும் என்பதற்கான வாதத்தை பொமரன்ஸ் 1984-இலேயே முன்வைத்தார். எனவே கணித மென்பொருளின் அன்றாட வேலைக்கு இது சிறந்த தேர்வு. பகைவர் இருக்கக்கூடிய இடத்தில் இதோடு தற்செயலான அடிமானங்களில் சில சுற்றுகளைச் சேர்த்துக்கொள்வதே நல்லது. அதற்காகும் செலவு மிகச் சிறிது.

இதுவரை சொன்ன சோதனைகள், மிகச் சிறிய எண்களைத் தவிர்த்து, பகு எண்ணைப் பகு எண் என்று நிறுவுகின்றன. பகா எண்ணைப் பகா எண் என்று நிறுவுவதில்லை. நிறுவல் தேவைப்படுபவருக்கான வழிகளில், குறிப்பிட்ட வடிவத்தில் பிறந்த எண்களுக்கு உள்ளவை மற்றவற்றைவிட வெகுதூரம் முன்னே நிற்கின்றன. 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த மெர்சென் எண்களுக்கு லூக்கா தொடங்கி 1930-இல் டெரிக் ஹென்றி லெமர் செம்மைப்படுத்திய சோதனையைப் போல அழகானது கணிதத்தில் அதிகம் இல்லை. 4-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து, அந்த மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை எடுத்துக்கொண்டே போக வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைவான படிகளின் முடிவில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண்; இரு திசையிலும் நிறுவல். 2⁷ − 1 = 127-க்கு ஐந்து படிகள்: 4, 14, 67, 42, 111, 0. பகா எண். 2¹¹ − 1 = 2,047-க்கு ஒன்பது படிகள் நடந்தால் 1,736-இல் வந்து முடிகிறது; 0 இல்லை என்பதால் பகு எண், 23 × 89. தாளில் பென்சிலால் போட்டுப் பார்க்கக்கூடிய இதே கணக்குதான் கோடிக்கணக்கான இலக்கங்கள் வரை செல்கிறது.

இவ்வளவு தெளிவான நிறுவல் இருக்கும்போது, மெர்சென் எண்களைத் தேடுபவர்கள் இன்று முதல் சோதனையாக இதை நடத்துவதில்லை என்று கேட்டால் வியப்பாக இருக்கும். கிம்ப்ஸ் என்ற கூட்டுத் தேடல் திட்டத்தில் லூக் டுரான்ட் கண்டறிந்த 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். 2024 அக்டோபர் 11 அன்று டப்ளினில் இருந்த ஒரு வரைகலைச் செயலி அது பகா எண்ணாக இருக்கக்கூடும் என்று அறிவித்தது. அது நடத்தியது ஃபெர்மா வகைச் சோதனை. மறுநாள் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் இருந்த வேறொரு செயலி லூக்கா–லெமர் சோதனையால் அதை உறுதிசெய்தது. கணிதத்தில் பலவீனமான சோதனை முதலிலும், பலமான சோதனை பிறகும் வந்ததற்குக் காரணம் தேற்றங்களில் இல்லை, இயந்திரங்களில் இருக்கிறது.

பதின்மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட படிகள் கொண்ட ஒரு கணக்கில், நினைவகத்தில் ஒரே ஒரு பிட் புரண்டாலும் இறுதி விடை குப்பையாகிவிடும். உண்மையான பகா எண் ஒன்று "பகு எண்" என்று பதிவாகி, எவர் கண்ணிலும் படாமல் போய்விடும். லூக்கா–லெமர் கணக்கில் ஒவ்வொரு படியிலும் 2 கழிக்கப்படுவதால், இடையில் நேர்ந்த பிழையைக் கண்டுபிடிக்க வலுவான வழி இல்லை. அதற்கென உள்ள யாக்கோபி சரிபார்ப்பு ஏறத்தாழப் பாதிப் பிழைகளையே பிடிக்கிறது. ஃபெர்மா சோதனையில் 3-ஐத் திரும்பத் திரும்ப வர்க்கப்படுத்துவது மட்டுமே நடக்கிறது. இதைப் பயன்படுத்தி ராபர்ட் கெர்பிச் 2017-இல் ஒரு சரிபார்ப்பைத் தந்தார். ஆயிரம் படிக்கு ஒருமுறை கிடைக்கும் மீதிகளையெல்லாம் ஒன்றோடொன்று பெருக்கிவைத்துக்கொள்ள வேண்டும். முந்தைய பெருக்கற்பலனை ஆயிரம் முறை வர்க்கப்படுத்தி 3-ஆல் பெருக்கினால் அடுத்த பெருக்கற்பலன் வந்தாக வேண்டும். பத்து லட்சம் படிகளுக்கு ஒருமுறை இப்படி ஒத்துப்பார்த்தால், கூடுதல் உழைப்பு ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவே. பிழையோ ஏறக்குறைய நிச்சயமாகப் பிடிபடும். பிடிபட்டால் கடைசியாக ஒத்துவந்த இடத்துக்குத் திரும்பிக் கணக்கைத் தொடரலாம். தேற்றத்தின் வலிமையையும் அதை நடத்தும் கணக்கின் நம்பகத்தன்மையையும் தனித்தனியாக எடைபோட வேண்டும் என்பதை எந்தப் பாடநூலைக் காட்டிலும் இந்த ஒரு நிகழ்வு நன்றாகக் கற்றுத்தருகிறது. நிறுவல் என்பது தாளில் இருப்பது மட்டும் இல்லை. அதைச் செய்து முடித்த இயந்திரம் சறுக்கவில்லை என்பதும் அதில் அடங்கும்.

ஓர் ஒற்றைப்படை எண்ணை 2-இன் பெரிய அடுக்கால் பெருக்கி 1 கூட்டினால் கிடைக்கும் வடிவத்துக்கு 1878-இல் பிரோத் தந்த தேற்றம் இருக்கிறது; 2016-இல் கண்டறியப்பட்ட 10,223 × 2³¹¹⁷²¹⁶⁵ + 1 அப்படிப்பட்டது. வடிவம் பொருந்தினால் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

எந்த வடிவத்திலும் அடங்காத எண்ணுக்கு நிறுவல் வேண்டுமென்றால் இன்று நடைமுறையில் உள்ள தேர்வு நீள்வட்ட வளைவுகளைச் சார்ந்த முறை. கோல்ட்வாசரும் கிலியனும் 1986-இல் தொடங்கியதை ஆட்கினும் மோரானும் செயல்படக்கூடியதாக்கினார்கள். பெரிய எண்ணின் பகாத்தன்மையைச் சற்றுச் சிறிய எண்ணின் பகாத்தன்மையோடு பிணைத்து, அதை இன்னும் சிறியதோடு பிணைத்து, கையால் சரிபார்க்கக்கூடிய அளவு வரை இறங்கிவரும் சங்கிலி அது. அந்தச் சங்கிலியே சான்றிதழ். உருவாக்கக் காலம் பிடிக்கும். சரிபார்ப்பவருக்கோ வேலை குறைவு, உருவாக்கியவரை நம்ப வேண்டிய தேவையும் இல்லை. 49,081 ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் எண் பகா எண்ணாக இருக்கக்கூடும் என்று ஹார்வி டப்னர் 1999-இல் கண்டார். அது நிறுவப்பட்டது 2022-இல். 86,453 ஒன்றுகள் கொண்ட எண் 2023-இல் நிறுவப்பட்டது. இந்த எண்களைவிடப் பல நூறு மடங்கு நீளமான மெர்சென் எண் ஒரே நாளில் உறுதியாகிறது, இவை இருபதாண்டுக்கு மேல் காத்திருக்கின்றன. பிறப்பின் வேறுபாடு இங்கேயும் தன் வேலையைக் காட்டுகிறது. 309 இலக்க எண்ணுக்கு இதே முறை சாதாரணக் கணினியிலேயே விரைவில் முடிந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே தரநிலையில் எழுதப்படும் எண்ணுக்குச் சான்றிதழ் தர இயலாது என்று எவரும் சாக்குச் சொல்ல இடமில்லை.

ஏ.கே.எஸ். சோதனையைப் பற்றிப் பேசும்போது மரியாதையையும் பரிந்துரையையும் பிரித்தே வைக்க வேண்டியிருக்கிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவரும் 2002 ஆகஸ்டில் வெளியிட்ட இந்த முடிவு, நிரூபிக்கப்படாத கருதுகோள் எதையும் சாராமல், தற்செயலை நாடாமல், எந்த எண்ணையும் பல்லுறுப்புக்கோவை அளவிலான காலத்தில், அதாவது இலக்கங்களின் எண்ணிக்கையின் ஒரு நிலையான அடுக்குக்கு மேல் வளராத காலத்தில், தீர்மானிக்க முடியும் என்று முதன்முதலாக நிறுவியது. 2006-இல் கோட்பாட்டுக் கணினியியலுக்கான கோடெல் பரிசு இதற்குக் கிடைத்தது முற்றிலும் தகும். ஆனால் நம் 1,024 பிட் எண்ணை இதனிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். கணக்கு நடப்பது தனி எண்களில் இல்லை, பல்லுறுப்புக்கோவைகளில். தேவைப்படும் உறுப்புகள் 1,024-இன் வர்க்கமான 10,48,576-ஐவிட அதிகம். ஒவ்வொரு உறுப்பின் கெழுவும் 128 பைட். ஒரு கோவையை நினைவகத்தில் வைக்கவே 13 கோடி பைட்டுக்கு மேல் வேண்டும். அந்தக் கோவையை ஆயிரம் முறை வர்க்கப்படுத்த வேண்டும். அந்த முழு வேலையையும் ஏறத்தாழப் பத்து லட்சம் வெவ்வேறு மாறிலிகளுக்குத் திரும்பச் செய்ய வேண்டும். மில்லர்–ராபின் சுற்று ஒன்றுக்கு 128 பைட் எண் ஒன்றை ஆயிரம் முறை வர்க்கப்படுத்தினால் போதும். பின்னர் வந்த மேம்பாடுகளுக்குப் பிறகும் நீள்வட்ட வளைவு முறையை இது எட்டவில்லை. எந்தத் தேவைக்கும் இன்று இதைப் பரிந்துரைக்க எனக்கு வழி தெரியவில்லை. ஆனால் மற்றச் சோதனைகளையெல்லாம் எந்த மண்ணில் நின்று பேசுகிறோம் என்பதைக் காட்டியது இதுதான்.

இன்னொரு தேர்வு இருக்கிறது, அதை ஒப்பீடுகளில் பலர் விட்டுவிடுகிறார்கள். எண்ணை முதலில் எடுத்து, பிறகு சோதிக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? பகா எண்ணைத் தேடுவதற்குப் பதிலாகக் கட்டலாம். ஹென்றி பாக்ளிங்டன் 1914-இல் தந்த தேற்றம் இதற்கு அடித்தளம். நம் எண்ணிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைப்பதற்கு, நம் எண்ணின் வர்க்கமூலத்தைவிடப் பெரிய பகாக் காரணி ஒன்று இருக்கிறது என்று கொள்வோம். ஏதேனும் ஓர் அடிமானத்துக்கு ஃபெர்மா சோதனையில் மீதி 1 வர வேண்டும். அடுக்கை அந்தப் பகாக் காரணியால் வகுத்துச் சிறிதாக்கி, அந்தச் சிறிய அடுக்குக்கு உயர்த்தி 1-ஐக் கழித்தால் வருவதற்கும் நம் எண்ணுக்கும் பொதுக்காரணி இருக்கக் கூடாது. இவ்விரண்டும் நடந்தால், நம் எண்ணின் எந்தப் பகாக் காரணியும் அந்தப் பெரிய பகா எண்ணைவிடப் பெரிதாகத்தான் இருக்க முடியும். எல்லாக் காரணிகளும் வர்க்கமூலத்தைத் தாண்டிவிட்டால் எண் பகா எண்தான்; வேறு வழியில்லை.

101-இல் தொடங்குவோம், அது பகா எண் என்பது மனக்கணக்கு. 6 × 101 + 1 = 607. அடிமானம் 2 எடுத்தால், 2⁶⁰⁶-ஐ 607-ஆல் வகுத்த மீதி 1. 606-ஐ 101-ஆல் வகுத்தால் 6; 2⁶ − 1 = 63; அதற்கும் 607-க்கும் பொதுக்காரணி இல்லை. 607 நிறுவப்பட்டுவிட்டது. அதன் மேல் அடுத்த கல்: 6 × 607 + 1 = 3,643; அதே 2, அதே 63, அதே சரிபார்ப்பு, அதுவும் பகா எண். 6-க்குப் பதிலாக ஒவ்வொரு படியிலும் கையிலுள்ள பகா எண்ணுக்கு நெருக்கமான அளவில் தற்செயலான இரட்டைப்படை எண்ணால் பெருக்கி, கிடைப்பது சரிபார்ப்பில் தேறும் வரை அந்த எண்ணை மாற்றிக்கொண்டே போனால், இலக்கங்கள் ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ இருமடங்காகும். மூன்று இலக்கத்திலிருந்து 309 இலக்கத்தை எட்ட ஏழு படிகள் போதும். ஊலி மௌரர் 1995-இல் வெளியிட்ட முறை இந்த வழியைச் செம்மையாக்கி, கிடைக்கும் எண்கள் உண்மையான தற்செயல் தேர்வுக்கு மிக நெருக்கமாகப் பரவியிருக்கும்படி செய்தது. அந்தப் பரவலைப் புறக்கணித்து அவசரமாக எழுதினால் திறவுகோல்கள் ஒரு குறுகிய வட்டத்துக்குள் சிக்கிவிடக்கூடும் என்பது மட்டுமே இங்கே எடுத்துக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை.

தன் திறவுகோலுக்காகத் தானே எண் எடுப்பவருக்குச் சல்லடையும் சில மில்லர்–ராபின் சுற்றுகளும் போதும் என்பதில் எனக்கு ஐயமில்லை. பிறர் கொடுத்த எண்ணை ஏற்பவர் தற்செயல் அடிமானங்களில் 40 சுற்றுக்குக் குறையாமல் நடத்தட்டும். முடிந்தால் சான்றிதழைக் கேட்டு வாங்கட்டும். தரநிலை எழுதுபவர் முன்னால் இருக்கும் தேர்வு இன்னும் எளிது: கட்டிய எண்ணாக இருந்தால் அந்த ஏழு படிகளையும் எண்ணோடு சேர்த்து அச்சிட்டுவிடலாம், ஒரு பக்கத்துக்கு மேல் வராது.